வில்லங்கம் அக்காவும் எட்டு வடை வீடும்

கள்ளக்குறிச்சியில் செங்கல்லும் செங்கல்லும் ஒட்டிக்கொண்டு நிற்பது சிமென்ட்டால் என்று நீங்கள் நினைத்தால், எங்கள் ஊரில் நீங்கள் வீடு வாங்கியதே இல்லை என்று அர்த்தம். வில்லங்கம் அக்கா தலையாட்டாமல் இந்த ஊரில் ஒரு சுவர்கூட ஓர் ஆள் பெயரிலிருந்து இன்னோர் ஆள் பெயருக்கு நகராது. அப்படியே நகர்ந்தாலும் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், ஓர் ஆள் குறுக்கே படுத்தால் கால் தெருவில் நீட்டிக்கொள்ளும் அளவுக்கு ஓர் அறை. அதில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். வீடு, நிலம் வாங்கும் முன்னால் அதன்மேல் கடன், வழக்கு ஏதாவது உண்டா என்று பார்க்க வில்லங்கச் சான்று போடுவோம் அல்லவா? சான்று வரும் முன்பே வில்லங்கத்தை இவர் கண்டுபிடித்துவிடுவார். இல்லாவிட்டால் இவரே ஒன்றைக் கிளப்புவார். எரிச்சல் தாங்காமல் புரோக்கர்கள் வைத்த பெயர் அது. அக்காவுக்கு அது பிடித்துப் போய்விட்டது. போனை எடுத்ததும், "வில்லங்கம் பேசறேன், சொல்லுங்க" என்பார். புது ஆட்களில் பாதிப் பேர் அதோடு லைனைக் கட் பண்ணிவிடுவார்கள்.

கொண்டையில் பூ கிடையாது, மூன்று பேனா. நீலம் எழுத, சிவப்பு அடிக்க, பச்சை எதற்கு என்று யாருக்கும் தெரியாது. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. கையில் எது கிடைத்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுவார். நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடப் போனவர்களை உட்கார வைத்து, பத்திரிகையில் பெண்ணின் அப்பா இனிஷியல் தப்பு என்று சிவப்பில் சுழித்துக் கொடுத்தார். "இத இப்படியே வுட்டா நாளைக்குப் பொண்ணு யாரோடதுன்னு கேள்வி வரும்." பெண்ணின் அப்பா அங்கேயே அழுதுவிட்டார். ஐந்நூறு பத்திரிகையும் திரும்ப அச்சடிக்கப்பட்டது.

வெள்ளிமலைக் கதை இன்னும் பிரமாதம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர் நிலத்தைப் பிரித்துக்கொள்ள வந்தார்கள். பழைய பத்திரத்தில், "தெற்கே பலாமரம்" என்று எல்லை போட்டிருந்தது. அக்கா நேரில் பார்க்காமல் எழுதமாட்டார். ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலை ஏறினார். போய்ப் பார்த்தால் பலாமரம் காற்றில் விழுந்து, விறகாகி, சாம்பலும் ஆகியிருந்தது. "மரம் இருந்த இடம்னு எழுதிடுங்கம்மா" என்றார்கள். "இருந்த இடம்லாம் எல்லை ஆவாது. மரத்த வைங்க, எழுதறேன்" என்று இறங்கி வந்துவிட்டார். சகோதரர்கள் ஒரு பலாக்கன்றை நட்டார்கள். அது புதுசாக நாலு இலை விட்டதைப் போனில் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் பத்திரம் பதிவானது. அதற்குள் கன்றுக்கு முறைவைத்துத் தண்ணீர் ஊற்றிய அண்ணனும் தம்பியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாதி நிலத்தைப் பிரிக்கவே இல்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் நாங்கள் போய் மாட்டிய கதையைச் சொல்கிறேன்.

என் அப்பா ஊரில் உரக்கடை வைத்திருந்தவர். எண்பதாவது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் அம்பத்தூரில் கம்பெனி வேலை. நான் விழுப்புரத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சியை நைனார்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மூன்று பேரும் சேர்ந்து யோசித்து, சேலம் ரோட்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அப்பாவைச் சேர்த்தோம். வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணன் எடுத்துக்கொண்டு போனான்.

இல்லத்தின் பில் மாதாமாதம் வளர்ந்தது. கட்டில், சாப்பாடு, பிசியோதெரபி எல்லாம் சரி. "கவனிப்புக் கட்டணம்" என்று ஒன்று, அதற்குக் கீழே "சிறப்புக் கவனிப்புக் கட்டணம்" என்று இன்னொன்று. முதலாவதில் பார்ப்பார்கள், இரண்டாவதில் உற்றுப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. ஐந்தாவது மாதம் எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு முட்டியது. இரண்டு மாதம் பாக்கி விழுந்தது. மேனேஜர் கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"எதுக்கு சார் மாசா மாசம் டென்ஷன் ஆவறீங்க? வீட்டுப் பத்திரத்தக் கொண்டாந்து நம்மகிட்ட வெச்சிடுங்க. அப்பா இருக்கிற வரைக்கும் நாங்க பாத்துக்கறோம். அப்புறம் பேசிக்கலாம்."

வெளியே வந்ததும் அண்ணன் கொதித்தான். "வூட்ட முழுங்கப் பாக்கறானுங்கடா!" அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. கம்பெனி கேன்டீனில் யாரோ சொல்லிக் கொடுத்தது. வீட்டை உடனே எங்கள் பெயருக்கு எழுதி வாங்கிவிட வேண்டும். "அப்பா பேர்ல ஒண்ணுமே இல்லன்னா எதப் புடிப்பாங்க? காத்தயா புடிப்பாங்க?"

எனக்கும் தங்கச்சிக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. அடுத்த வாரமே மூன்று பேரும் கள்ளக்குறிச்சியில் இறங்கினோம். அன்றைக்கு நல்ல முகூர்த்தம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். எந்தப் பத்திர எழுத்தர் கடையிலும் நிற்கக்கூட இடமில்லை. ஒரே ஓர் அறையில் மட்டும் ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்து, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஏன் அங்கே கூட்டமில்லை என்று யோசிக்கும் அறிவு எங்களுக்கு அப்போது இல்லை.

"மேடம், அவசரமா ஒரு பத்திரம்" என்றான் அண்ணன்.

"அவசரம்னா ஆஸ்பத்திரிக்குப் போ. இங்க இன்னாத்துக்கு வந்த?" என்று பாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "எந்த ஊரு மூணு பேரும்?"

சொன்னோம். அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் பெயர். அம்பத்தூரு, விழுப்புரம், நைனார்பாளையம். இன்றுவரை அவர் எங்களை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

அண்ணன் விஷயத்தைச் சொல்லி, ஜெராக்ஸை நீட்டினான்.

"ஜெராக்ஸ்லாம் வாணாம். ஒரிஜினல் எங்க?"

அண்ணன் பையிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்தான்.

"இது இல்லப்பா. எழுதிக் குடுக்கற ஆளு. ஒங்கப்பா. அவுரு எங்க?"

"அவரு ஹோம்ல இருக்காரு மேடம். அதெல்லாம் பிரச்சினை இல்ல. நாங்க எங்க காட்டினாலும் கையெழுத்துப் போடுவாரு."

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். "நீ எங்க காட்டினாலும் போடுவாருன்னா, அது அவுரு கையெழுத்து இல்லப்பா. ஒன் கையெழுத்த அவுரு போடறாரு."

அண்ணன் மூலப்பத்திரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

பத்திரத்தை அக்கா முழுக்கப் படித்தார். அரை மணி நேரம். பிறகு எதிர் டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எட்டு வடை!" தட்டு வந்தது. நாங்கள் காலையில் பஸ் ஏறியவர்கள். தங்கச்சியின் கண்ணில் நிஜமாகவே நன்றி தெரிந்தது.

"இதான் ஒங்க வூடு" என்றார் அக்கா தட்டைக் காட்டி. "ஒங்கப்பாவும் அம்மாவும் கூட்டா வாங்கியிருக்காங்க. அப்பாவுக்கு நாலு, அம்மாவுக்கு நாலு. அம்மா போயிட்டாங்க. உயில் இல்ல. அம்மாவோட நாலு வடையும் இன்னா ஆவும்? அப்பாவுக்கு ஒண்ணு, ஒங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு." எங்கள் கையில் ஆளுக்கு ஒரு வடையை வைத்தார். "எட்டுல ஒண்ணு. பழைய கணக்குல அரைக்கால்னு சொல்லுவாங்க. ஆளுக்கு அரைக்கால் வூடு. தின்னுங்க."

தின்றோம். அண்ணன் பேச்சு சுவாரஸ்யத்தில் தட்டுக்கு இன்னொரு முறை கையை நீட்டினான்.

"கைய எடு! அது ஒங்கப்பா பங்கு."

மிச்சம் ஐந்து வடையையும் பேப்பரில் கட்டச் சொல்லி, பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க. உரிமைக்காரர பாத்துட்டு வந்துடலாம்."

இல்லத்துக்கு ஆட்டோவில் போனோம். டிரைவருக்குப் பக்கத்தில் அண்ணன் பாதியும் வெளியே பாதியும். நீளமான ஹாலில் வரிசையாகக் கட்டில்கள். ஆறாவது கட்டிலில் அப்பா. ஐந்து மாதத்தில் பாதி ஆளாகியிருந்தார். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்த எனக்கு அது தெரியவில்லை. அன்றைக்கு அக்கா அவரைப் பார்த்த பார்வையில்தான் எனக்கும் தெரிந்தது.

அக்கா முதலில் போனது மேனேஜர் அறைக்கு. "சேர்க்கும்போது எழுதின பாரத்தக் குடுங்க. படிக்கணும்."

"நீங்க யாரு மேடம்?"

"வில்லங்கம்."

மேனேஜர் பாரத்தைக் கொடுத்துவிட்டார். அக்கா நின்றுகொண்டே, உரக்க, நிறுத்தற்குறி விடாமல் படித்தார். ஹாலில் இருந்த பெரியவர்கள் எல்லாம் நிமிர்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டி, "கொஞ்சம் சத்தமாப் படிம்மா" என்றார். படித்து முடித்ததும் அக்கா கேட்டார்:

"இதுல வூடுன்னு ஒரு வார்த்த இருக்குதா? காட்டுங்க."

"அது வந்து மேடம்... பாரத்துல இல்ல."

"அப்புறம் எதுக்கு வூட்டுப் பத்திரம் கேட்டீங்க?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"யாருக்குப் பாதுகாப்பு?"

மேனேஜர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அக்கா விடவில்லை. பாரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "கட்டணம் முழுமைக்கும் நானே பொறுப்புன்னு கீழ ஒரு கையெழுத்து இருக்குது. யாருது இது?"

அண்ணனுடையது. சேர்த்த அன்றைக்கு அவசரத்தில், உறவினர் கையெழுத்து என்று நினைத்துப் போட்டிருக்கிறான்.

அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! லாட்டரி அடித்தவர் முகத்தில்கூட அப்படி வராது. வில்லங்கம் கிடைத்துவிட்டது!

"அம்பத்தூரு! நீ கேட்ட பத்திரத்த நான் எழுதிக் குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா? பாக்கி யார் பேர்ல? ஒன் பேர்ல. வூட்ட யார் பேருக்குக் கொண்டார இருந்த? ஒன் பேருக்கும்தான். இப்ப அப்பா பேர்ல இருக்கற வூட்டு மேல இவுங்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு கெடயாது. நீயே போயி அத ஒன் பேருக்கு மாத்திக்கினு வந்து, 'இந்தாங்க, புடிங்க'ன்னு குடுக்கப் பாத்தியே!"

அண்ணன் அங்கே இருந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஓர் ஆயாம்மா வந்து, "புது அட்மிஷனா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அக்கா அப்பாவிடம் போனார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். "பெரியவரே, ஒங்க வூட்டுல எட்டுல அஞ்சு ஒங்களுது. அஞ்சு அரைக்கால் வூடு."

அப்பா வடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அஞ்சு அரைக்கால் வூடு இருந்து இன்னாம்மா... நிக்க ஒரு கால் இல்லியே."

ஐந்து மாதத்தில் அப்பா செய்த முதல் நக்கல் அது. தங்கச்சி சிரித்துக்கொண்டே அழுதாள்.

"ஒங்க பசங்க எங்கிட்ட ஒரு பத்திரம் எழுத வந்தாங்க" என்றார் அக்கா. "எனக்கு அது வாணாம். ஒங்களுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க. அத எழுதறேன்."

அப்பா வரிசையாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "கதவ சாத்திக்கினு கக்கூஸ் போவணும்மா. இங்க எல்லாம் எல்லாரும் பாக்க. எனக்கு வூடுகூட வாணாம். ஒரு கதவு இருந்தா போதும்."

எங்கள் மூன்று பேருக்கும் தரையில் என்னவோ பார்க்கவேண்டியிருந்தது. ஐந்து மாதமாக வீட்டைப் பற்றி மட்டுமே பேசியிருந்தோம். உரம் வாங்க வருகிற ஒவ்வொருவரையும், "வாங்க, உக்காருங்க" என்று சொல்லி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு பேசுகிற மனிதர் அவர்.

அக்கா எழுந்தார். "கெளம்பலாம்."

"எப்ப மேடம்?" என்றேன் நான்.

"எப்ப இன்னா எப்ப? இப்ப!"

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே ஓட்டம்தான். பாக்கியைக் கட்ட அண்ணன் ஒரு பக்கம் ஓடினான், நான் ஒரு பக்கம் ஓடினேன், தங்கச்சி வளையலைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். டாக்டர், "வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஜாக்கிரதை" என்று எழுதிக் கொடுத்தார். ரசீதை வாங்கிய அக்கா அதையும் முழுக்கப் படித்து, "பாக்கி இல்லன்னு எழுதுங்க. தேதி போடுங்க. முத்திரை தலகீழா இருக்குது, இன்னொண்ணு குத்துங்க" என்று மேனேஜரை வியர்க்க வைத்தார்.

கார்தான் கிடைக்கவில்லை. முகூர்த்த நாள்! ஊரில் இருந்த கார் எல்லாம் கல்யாணத்தில். அக்கா நடுரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். பிரேக் அடித்து நின்றது ஒரு வெள்ளைக் கார். முன்பக்கம் ரோஜா மாலை, பின்பக்கக் கண்ணாடியில் பூவால் இதயம், நடுவில் மாப்பிள்ளை பெண் பெயர்.

"பொண்ணு மாப்ளய மண்டபத்துல இறக்கிட்டுப் போய்க்கினு இருக்கேன்மா. மறுபடி நாலு மணிக்குத்தான் வண்டி வேணும்" என்றார் டிரைவர்.

"அது வரைக்கும் இவுருதான் மாப்ள. ஏத்து!"

அப்பா முன்சீட்டில், முதுகுக்கு இரண்டு தலையணையோடு. பின்னால் அக்காவும் தங்கச்சியும் நானும். அண்ணன் வாக்கரைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் பின்தொடர்ந்தான். எங்கள் தெருவுக்குள் கார் நுழைந்ததும் ஜனங்கள் பெண்ணைப் பார்க்க ஓடி வந்தார்கள். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தன. உள்ளே எண்பது வயதில் என் அப்பா! ஒரு விநாடி தெருவே திகைத்து நின்றது. அப்புறம் யாரோ, "உரக்கடைக்காரரு டோய்!" என்று கத்தினார்கள். அப்பா மெல்லச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். எம்.எல்.ஏ. தோற்றார்! எதிர்வீட்டு அம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டார்.

வந்தாயிற்று. யார் பார்த்துக்கொள்வது? அன்று சாயங்காலமே எங்கள் மூன்று பேருக்குள் சண்டை ஆரம்பித்தது. அண்ணனுக்கு லீவு இல்லை. எனக்கு ஆடிட்டிங். தங்கச்சிக்கு மாமியார். அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். நீலம் இல்லை, சிவப்பு இல்லை. பச்சை!

"வூட்டுல ஆளுக்கு எவ்ளோ பங்கு?"

"அரைக்கால்" என்றோம் மூன்று பேரும்.

"மாசத்துக்கு முப்பது நாள். அதுல அரைக்கால் எவ்ளோ? கொஞ்சம் கம்மி நாலு. நாலுன்னே வெச்சிக்கோ. அரைக்கால் வூடு வேணுமா, அரைக்கால் மாசம் இங்க வந்து அப்பாவப் பாரு. மூணு பேரும் பன்னெண்டு நாள். மிச்சம் பதினெட்டு நாள் பெரியவரோட அஞ்சு பங்கு. அத அவுரு வூடே பாத்துக்கும்."

"வூடு எப்படிக்கா பாத்துக்கும்?" என்றாள் தங்கச்சி. யாரும் சொல்லாமலே அவள் 'மேடம்' என்பதை விட்டிருந்தாள்.

"முன்னாடி உரக்கடை இருந்த ரெண்டு ரூமும் எலி ஓடறதுக்கா பூட்டி வெச்சிருக்கீங்க?"

மறுநாள் அக்கா பாத்திரக்கடை பாய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு இன்னொரு கடை போட இடம் தேவைப்பட்டது. வாடகை பேசி முடித்தோம். அந்த வாடகையில், பதினெட்டு நாளும் அப்பாவைக் குளிப்பாட்டி, நடக்கவைக்க, வெள்ளிமலையிலிருந்து வந்து ஊரில் தங்கியிருந்த ஓர் ஆளை அமர்த்தினோம். அக்கா வாடகை ஒப்பந்தத்தையும் எழுதினார். அதில் ஒன்பதாவது நிபந்தனை இது: "வாடகைதாரர் தினமும் கடை திறக்கும்போதும் அடைக்கும்போதும் உரிமையாளரை நேரில் கண்டு, 'எப்படி இருக்கீங்க பெரியவரே' என்று கேட்கவேண்டியது, பதிலை நின்று கேட்கவேண்டியது."

பாய் அதைப் படித்துவிட்டு, "பதில் ஜாஸ்தியா இருந்தா இன்னாங்க பண்றது?" என்று கேட்டார்.

"உக்காந்து கேளுங்க."

எங்களுக்கும் ஒரு குடும்ப ஒப்பந்தம். அப்பா இருக்கும் வரை வீட்டை விற்பதில்லை, அடமானம் வைப்பதில்லை, யார் பங்கையும் யாரும் எழுதி வாங்குவதில்லை, நாலு நாள் முறை தவறுவதில்லை. அண்ணன் மெல்லக் கேட்டான், "இது கோர்ட்ல நிக்குமாக்கா?"

"கோர்ட்ல நிக்குமான்னு கேக்காத. வூட்டுல நிக்கும். கையெழுத்துப் போடு. இந்தத் தடவையாவது படிச்சிட்டுப் போடு."

அண்ணனுடைய முதல் நாலு நாள் சரித்திரத்தில் இடம்பெற வேண்டியவை. அவனுக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. முதல் நாள் சாம்பாரை அப்பா தட்டில் தள்ளி வைத்து, "இது எந்தப் பயிருக்கு அடிக்கறது?" என்று கேட்டாராம். மூன்றாம் நாள் பாய் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. நாலாம் நாள் அண்ணன் ரசத்தில் தேறினான்.

மூன்றாவது மாதம் அவன் டிமிக்கி கொடுத்தான். கம்பெனியில் ஏதோ விழா. நான் கோபத்தில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா அவனுக்குப் போன் போட்டு, ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். "கள்ளக்குறிச்சி மாவட்டம், கள்ளக்குறிச்சி வட்டம்..." அவன் கட் பண்ணினால் மறுபடி போட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். நான்கெல்லையும் முடிந்து, நிபந்தனைகள் ஆரம்பித்தன. ஏழாவது நிபந்தனையில் பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது. "கோயம்பேட்ல ஏறிட்டேங்க்கா, போதும்க்கா!" என்று அவன் கெஞ்சியதை நானே கேட்டேன். "சரி, ஏறிட்டேன்னு சொல்ற. எந்த பஸ்ஸு? டிக்கெட்ட படி."

அதற்குப் பிறகு அவன் முறை தவறியதே இல்லை. சொல்லப்போனால் நாலு நாள் ஐந்தானது, ஆறானது. கேட்டால், "அப்பா இப்ப செஸ் ஆடறாருடா, பாதியில வுட்டுட்டு வர முடியல" என்பான். முப்பது வருஷமாக அவர்கள் இரண்டு பேரும், "சாப்டியா", "சாப்டேன்" என்பதற்கு மேல் பேசியதில்லை.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிறு. மூன்று பேரும் இருந்தோம். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, வாக்கரைப் பிடித்து, ஒவ்வோர் அடியாகக் கூடத்தைக் கடந்தார். யாரும் தொடக்கூடாது என்று கையால் சைகை. குளியலறைக்குள் போனார். கதவைச் சாத்தினார்.

நாங்கள் மூன்று பேரும் வெளியே பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றோம். தங்கச்சி என் கையை நகத்தால் குத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவில் காது வைத்தான். உள்ளேயிருந்து அப்பா சத்தம் போட்டார்: "எவன்டா அது வாசல்ல? போங்கடா அந்தாண்ட!"

அண்ணன் தெருவுக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டான். "அக்கா! கதவ சாத்திக்கினாருக்கா!" மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "சரி, சரி. வழுக்கப்போவுது, தரையத் தொடச்சி வை" என்று வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. பாயின் 'எப்படி இருக்கீங்க'வுக்குப் பதில் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். அக்காதான் போன வருஷம் கடையை மூடிவிட்டார். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திருநாவலூரில் இருக்கும் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார்.

இரண்டு மாதம் முன்பு அப்பாவைக் காரில் வைத்து அவரைப் பார்க்கப் போனோம். தம்பி வீட்டில் மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கிற அறையில் ஓரமாக ஒரு மடக்குக் கட்டில். அப்பாவைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து, பழைய சார்பதிவாளர்களை ஒருவர் விடாமல் திட்டினார்கள். பேச்சுவாக்கில் அப்பா, "ஒனக்குன்னு வூடு எங்கம்மா வாங்கின?" என்று கேட்டார்.

"எனக்கேது வூடு பெரியவரே? ஒவ்வொண்ணா பாத்தேன், ஒவ்வொண்ணுத்துலயும் எதுனா ஒரு கொற இருந்திச்சி" என்று சிரித்தார் அக்கா.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டை தாண்டும் வரை அப்பா ஜன்னல் வழியாக வீடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார்: "ஒங்கம்மா பொழங்கின ரூமு சும்மாதானே கெடக்குது?"

வண்டியை ஓரம் கட்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் பாதி சொல்வதற்குள், "இத எங்கிட்ட கேக்கணுமாடா?" என்றான். தங்கச்சியும் போனில், "ரூம் கழுவி ரொம்ப நாளாச்சு, நான் காலைல வரேன்" என்றாள்.

அக்காவிடம் சொன்னபோது, "நான் எந்த முறையில வந்து இருக்கறது? வாடகைக்கா, போக்கியத்துக்கா? ஒரு பேப்பர் இல்லாம எப்படி?" என்று ஆரம்பித்தார். அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "பேப்பர்லாம் ஒண்ணும் வாணாம். வா." யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார் அக்கா. இன்னும் யோசிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து அந்த அறைக் கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டான். நான் கொசுவலை கட்டினேன். திருநாவலூரிலிருந்து வருகிறவர்கள் மாறி ஏறும் உளுந்தூர்பேட்டை பஸ் எத்தனை மணிக்கெல்லாம் ஊருக்குள் வரும் என்று கேட்டால், அப்பா இப்போது மனப்பாடமாகச் சொல்கிறார்.